மஞ்சப்பை கடைசியில வரட்டும், தங்கச்சி!

தனிக்குடித்தனம் வந்ததும் வராததுமா, "சுற்றுச்சூழலுக்கு நம்ம வீட்டுல என்னக்கா பண்ணலாம்?"னு கேட்டிருக்க. கேட்டதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா கூடவே ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தியே, அதைப் பாத்துத்தான் சிரிப்பு வந்துச்சு. மூங்கில் பல் பிரஷ், கண்ணாடி ஸ்ட்ரா, கூரியர்ல வர்ற பாத்திரம் தேய்க்கிற நார். கொல்லையில பீர்க்கங்காய் முத்திக் காய்ஞ்சு தொங்குற ஊர்ல உக்காந்துகிட்டு, நாரை முந்நூறு ரூபா குடுத்து வரவழைப்பியா?

அந்த லிஸ்ட் பெருநகரத்து ஃபிளாட்டுக்கு எழுதினது. சின்னமனூர்ல இருக்குற வீட்டுக்கு வரிசை வேற. இங்க முதல்ல தண்ணி, அடுத்தது நெருப்பு, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். எல்லாரும் முதல்ல சொல்ற மஞ்சப்பையை நான் கடைசிப் பக்கம் தள்ளி வெச்சிருக்கேன்.

தண்ணி எங்கருந்து வருது, எங்க போகுது

நம்ம பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில மேகம் கேரளா பக்கம் கொட்டித் தீத்துட்டு நமக்குக் காத்தையும் கொஞ்சம் சாரலையும்தான் அனுப்பும். அப்படியும் இங்க ரெண்டு போகம் நெல் விளையுதுன்னா, மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாத்தை 1895-ல பென்னிகுயிக் அணை கட்டி மறிச்சு, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பிவிட்டதாலதான். லோயர் கேம்ப்ல கரண்டு எடுத்த பிறகு அந்தத் தண்ணி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு வந்து, வைகையில சேந்து, வைகை அணையில நிக்குது. அங்கருந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போகுது.

இதை எதுக்கு இம்புட்டு விலாவாரியா சொல்றேன்னா, உன் அடுப்படி சாக்கடை தெருவோட முடியுறதில்ல. வாய்க்கால்ல விழுந்து, ஆத்துல கலந்து, மதுரைக்காரங்க பிடிக்கிற குடத்துப் பக்கம்தான் போகுது. நீ ஊத்துற பழைய எண்ணெய், தேவைக்கு ரெண்டு மடங்கு போடுற சோப்புத்தூள், எல்லாம் அங்கதான். சுட்ட எண்ணெயைச் சிங்க்ல ஊத்தாத. ஆறவெச்சு ஒரு பழைய டப்பாவுல சேத்து வை, கடப்பாரை, மம்பட்டிக்குப் பூச ஆகும். மெஷின்ல சோப்புத்தூள் பாக்கெட்டுல போட்டிருக்குற அளவுக்கு மேல ஒரு ஸ்பூன் கூடப் போடாத. நுரை அதிகமா வந்தா அழுக்கு அதிகமா போகும்னு அம்மா காலத்துலருந்து ஒரு நம்பிக்கை. நுரையை அலச இன்னும் ரெண்டு வாளி தண்ணிதான் செலவு.

அடுத்து மழை. ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் தண்ணி திறப்பாங்கன்னு நம்ம தாத்தா காலத்துலருந்து ஒரு கணக்கு உண்டு. அணையில மட்டம் இல்லாம அது தள்ளிப் போற வருஷமும் வருது. 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்துல பாதி கூடப் பெய்யல. நூறு வருஷத்துக்கு மேல அப்படிப் பொய்ச்சது கிடையாது. 2023 டிசம்பர்ல பாத்தா, தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. மொத்தத்துல கூடுதா குறையுதாங்குறதை விட, வந்தா ஒரேயடியா வருது, இல்லேன்னா கண்ணுலயே காட்ட மாட்டேங்குது. காத்து சூடேறினா அது தாங்குற ஈரமும் கூடும், அதனாலதான் இந்தக் கொட்டல். அப்ப வர்ற அன்னைக்குப் பிடிச்சு வெச்சாத்தான் நமக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாரு. 600 சதுர அடி மொட்டை மாடியில 1 செ.மீ. மழை விழுந்தா கிட்டத்தட்ட 550 லிட்டர். ஐப்பசியில ஒரு நல்ல மழைக்கு 4, 5 செ.மீ. சாதாரணம். ஒரே சாயங்காலத்துல ரெண்டாயிரம் லிட்டருக்கு மேல உன் மாடியிலருந்து தெருவுல ஓடுது, மறுநாள் நீ குடத்தோட லாரிக்கு நிப்ப.

மழைநீர் சேகரிப்பு 2003-லயே தமிழ்நாட்டுல கட்டாயமாக்கின விஷயம். உன் வீட்டுலயும் ஒரு குழாய் கண்டிப்பா இருக்கும், பேருக்கு. அதை இப்படிப் பாரு. புரட்டாசி முடியுறதுக்குள்ள மாடியில தண்ணி இறங்குற ஓட்டையில கை விட்டுப் பாரு. வேப்பிலை, புறாக் கூடு, பட்டம் விட்ட நூல் எல்லாம் சேந்து அடைச்சிருக்கும். எடுத்துட்டு ஒரு கம்பி வலை போட்டு மூடு. கீழ குழி இருந்தா மேல இருக்குற மணலை அள்ளி, அலசி, வெயில்ல காயப்போட்டுத் திரும்பப் போடு. அடியில பெரிய கல், நடுவுல ஜல்லி, மேல மணல், அந்த வரிசை மாறக் கூடாது. சம்ப்புல நேரா விடுறதா இருந்தா, முதல் ரெண்டு மழையை வெளிய விட்டுடு. மாடித் தூசி, பறவை எச்சம் எல்லாம் அதோட போயிடும். வேலை இம்புட்டுத்தான். மழை ஆரம்பிச்ச பிறகு பிளம்பரைத் தேடினா ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்.

ஆர்.ஓ. மெஷின் வெச்சிருக்கியா? நல்ல தண்ணி ஒரு பங்குன்னா கழிவு அதுக்கு மேல போகும். அந்தக் குழாயை ஒரு வாளியில விடு. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊத்த அருமையா ஆகும். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு ஏறி இலை ஓரம் கருகிடும். சொட்டுற குழாயை "சொட்டுதான"ன்னு விடாத. கீழ ஒரு சொம்பை வெச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு அளந்து, இருபத்தி நாலால பெருக்கு. வாஷர் விலை அஞ்சோ பத்தோ, அன்னைக்கே மாத்திடுவ.

ஆத்துல விடுற துணி

இது உன் மாமியார் காதுல விழாம படி. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சுருளிக்குப் போறவங்க, குச்சனூர்ல சனீஸ்வரனைக் கும்பிட வர்றவங்க, குளிச்சிட்டு உடுத்தின துணியை அப்படியே தண்ணியில விட்டுட்டு வர்றது நமக்குப் புதுசில்ல. அந்தக் காலத்துல விட்டது பருத்தி. கொஞ்ச நாள்ல மக்கும். இப்ப விடுறது பாலியஸ்டர். திருவிழா முடிஞ்ச மறுநாள் படித்துறையில போய்ப் பாரு: ஒரு சேலை முந்தி கல்லு இடுக்குல சிக்கிக்கிட்டு, மீதி அஞ்சு கஜமும் தண்ணிக்குள்ள நீளமா ஆடிக்கிட்டு இருக்கும். அதுல பாசி, அதுல சிக்கின ஷாம்பு பாக்கெட், ஊதுபத்திக் கவர், அதுக்கு மேல இன்னொரு வேட்டி. அடுத்த ஆடிக்குப் போனாலும் நிறம் மங்கியிருக்குமே தவிர துணி கிழிஞ்சிருக்காது. நைஞ்சாலும் நூல் நூலாத்தான் பிரியும், அந்த நூல் மீன் வயித்துக்குத்தான் போகும்.

நம்பிக்கையை விடச் சொல்லல. தோஷம் கழியணும்னா துணியை மாத்திக்கோ, ஈரத்துணியை ஒரு பையில போட்டு வீட்டுக்குக் கொண்டா, துவைச்சுக் காயவெச்சுத் தரை துடைக்க வெச்சுக்கோ. மனசு ஒப்பலேன்னா கோயில்ல அதுக்குன்னு வெச்சிருக்குற தொட்டியில போடு. அத்தையோட மல்லுக்கட்டாத. போறப்பவே மாத்துத்துணியோட ஒரு காலிப் பையும் எடுத்து வெச்சிடு, பேச்சு வராது. மாலையைத் தண்ணியில விடுறதா இருந்தா பிளாஸ்டிக் நாரையும் ஜிகினாவையும் உருவிட்டு விடு.

அக்காங்குறதால இன்னொண்ணையும் சொல்லிடுறேன், வேற யாரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க. நாப்கின். கருப்புக் கவர்ல சுத்திக் கண்மாய்க்கரையிலயோ ஓடையிலயோ வீசுறதுதான் நம்ம பக்கத்துல வழக்கமா நடக்குது. உள்ள இருக்குறது பாதிக்கு மேல பிளாஸ்டிக், அப்படியே கிடக்கும். கக்கூஸ்ல போட்டா குழாய் அடைக்கும், தொட்டி சுத்தம் பண்ண வர்ற ஆள்தான் கையில எடுக்கணும். பழைய பேப்பர்ல சுத்தி, மேல ஒரு அடையாளம் போட்டு, மத்த குப்பையோட கலக்காம தனியா குடு. தொட்டுப் பிரிக்கிறதும் நம்ம மாதிரி ஒரு பொம்பளைதான். துணி பழக்கம் இருந்தா இன்னும் நல்லது, ஆனா துவைச்சு வெயில்ல காயப் போடு. வெக்கப்பட்டு இருட்டு ரூம்ல காயவெச்சா புண்ணுதான் மிச்சம். மாதவிடாய்க் கப் ஒண்ணு வாங்கினா பல வருஷம் வரும், ஒவ்வொரு மாசமும் தண்ணியில போட்டுச் சில நிமிஷம் கொதிக்க வெச்சு எடுக்கணும். டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. குழந்தை பிறந்த பிறகு டயப்பர் வரும். வெளிய போற அன்னைக்கு மட்டும் டயப்பர், வீட்டுல இருக்குற நேரம் பழைய வேட்டித் துணி.

நெருப்பு

மாசியிலருந்து நம்ம ஊர்ல ராத்திரி மலையைப் பாத்தாலே தெரியும், எங்கயாச்சும் ஒரு கோடு எரிஞ்சுகிட்டு இருக்கும். 2018 மார்ச் 11-ல குரங்கணி மலையில மலையேறப் போன பிள்ளைங்க, காட்டுத்தீயில சிக்கி இருபது பேருக்கு மேல செத்ததை நாம மறக்க முடியாது. காய்ஞ்ச கோடையில ஒரு பொறி போதும். மலையடிவாரத் தோட்டத்துல புல்லுக்கோ சருகுக்கோ தீ வைக்கிறதைப் பாத்தா "காத்து எந்தப் பக்கம் அடிக்குது"ன்னு கேட்டுக்கிட்டு நிக்காத, வேண்டாம்னு சொல்லு.

ஆனா தினமும் நடக்குறது வீட்டு நெருப்பு. வெந்நி அடுப்பு பத்த வைக்க ஒரு பால் கவர், ஒரு பிஸ்கட் கவர். சட்டுனு பிடிக்குதாம். அந்தப் புகை குனிஞ்சு ஊதுற உன் மூஞ்சிக்குத்தான் முதல்ல வரும். பிளாஸ்டிக் புகையில இருக்குற நஞ்சு அடுப்போட நிக்காது, சாம்பல்லயும் இருக்கும், அந்தச் சாம்பலைத்தான் செடிக்குப் போடுவோம். தென்னை இருக்குற ஊர்ல இதுக்கு அவசியமே இல்ல. பன்னாடை, பாளை, சிரட்டை எல்லாம் காயவெச்சு ஒரு சாக்குல கட்டி வை.

உங்க தோப்புல விழற மட்டையையும் எரிக்க விடாத. வெட்டி மரத்தைச் சுத்தி வட்டப்பாத்தியில மூடாக்கா போட்டா ஈரம் நிக்கும், கோடையில ஒரு தண்ணி மிச்சம். உரிமட்டையும் அங்கயே போகலாம். மாமனார் "பாம்பு அடையும்"னு சொல்வாரு. அவர் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. அதனால வீட்டை ஒட்டிக் குமிச்சு வைக்காம, தோப்புக்குள்ள பரப்பிப் போடுங்க.

வெக்கை

மாடிக்கு வெள்ளை அடி. பங்குனி பிறக்குறதுக்குள்ள. சுண்ணாம்பு மலிவு, ஆனா ஒரு மழைக்காலம் தாண்டாது, வருஷா வருஷம் அடிக்கணும். வெயிலைத் திருப்பி அனுப்புற கூல் ரூஃப் பெயிண்ட் விலை கூட, சில வருஷம் வரும். ரெண்டுல எதா இருந்தாலும் மேல் மாடி ரூம்ல ராத்திரி வித்தியாசம் தெரியும். மேற்குச் சுவர்ல வெயில் ஏறுதுன்னா அங்க ஒரு பந்தல் போட்டுப் பீர்க்கோ அவரையோ ஏத்து.

ஏ.சி. வாங்கியாச்சுன்னு கேள்விப்பட்டேன். குத்தம் சொல்லல. 24-ல வெச்சு மேல ஃபேனைச் சுத்த விடு. ஒரு டிகிரி ஏத்தி வெச்சா கரண்டு 6 சதவீதம் வரைக்கும் குறையும்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது. நம்ம இ.பி. கணக்குல இன்னொரு கண்ணி இருக்கு. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு ரேட். அதை ஒரு யூனிட் தாண்டினாலும் நூறுக்கு மேல உள்ள யூனிட்டுக்கான சலுகை ரேட் போய், மொத்த பில்லும் எகிறும். அதனால மாசத்துக்கு ஒருக்கா மீட்டரை எட்டிப் பாரு. சோலார் போடணும்னு உன் வீட்டுக்காரர் சொன்னா தடுக்காத. 2024-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000 ரூபா மானியம்னு அறிவிச்சாங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க: ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலை நட்டு வெச்சிருக்குற ஊரு இது. ஆடிக்காத்துல தகரமே பறக்கும். ஸ்டாண்டை நல்லா கான்கிரீட்ல பதிக்கச் சொல்லுங்க.

திராட்சை, ஏலக்காய், யானை

வானிலை மாறுறது நமக்குச் செய்தி இல்ல, கூலி. 2024 கோடையில இடுக்கி மலையில ஏலச்செடி வெயில்ல கருகிப் போச்சு. நிழலும் ஈரமும் இல்லாம அந்தச் செடி நிக்காது. போடியிலருந்தும் கம்பத்துலருந்தும் விடியுறதுக்கு முன்னாடி ஜீப்ல மலையேறுற பொம்பளைங்களை நீயும் பாத்திருப்ப. செடி கருகின தோட்டத்துல பழம் எடுக்க யாரைக் கூப்பிடுவாங்க?

திராட்சையும் அப்படித்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, பெருமைதான். ஆனா பழம் முத்துற நேரத்துல காலம் தப்பி மழை பெஞ்சா பழம் வெடிக்கும், செவட்டை நோய் வரும், மருந்துச் செலவு ஏறும். வெடிச்ச கொத்து வெளியூர் வண்டிக்கு ஏறாது. அந்த வாரம் சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் போனா மலிவாக் கிடைக்கும். வாங்கு. பூஞ்சை பிடிச்சதையும் புளிச்ச வாடை அடிக்கிறதையும் ஆஞ்சு எறிஞ்சுட்டு, மீதியை அன்னைக்கே தண்ணி விடாம வேகவெச்சு, மசிச்சு, வடிகட்டி, சர்க்கரை போட்டுக் காய்ச்சி பாட்டில்ல ஊத்து. ஃபிரிட்ஜ்ல வெச்சுச் சீக்கிரம் தீத்துடு. எந்தத் திராட்சையா இருந்தாலும் முதல்ல ஓடுற தண்ணியில நல்லா அலசு, உப்புத்தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து இன்னொரு தடவை அலசு. ஆனா அதுல மேல ஒட்டின மருந்துதான் போகும், உள்ள இறங்கினது போகாது. அதனால தோட்டத்துல வாங்குறப்ப, "அண்ணே, கடைசி மருந்து எப்ப அடிச்சீங்க?"ன்னு கேளு. மறைக்க மாட்டாங்க. நாலு பேரு கேட்டா, அடிக்கிறதுக்கு முன்னாடி அவங்களும் யோசிப்பாங்க.

மேகமலைக்கு நீங்க அடிக்கடி போவீங்க, சின்னமனூர்லருந்து பக்கம்தான. அது 2021-லருந்து புலிகள் காப்பகம். புளியோதரை மிச்சத்தை "குரங்கு தின்னும்"னு ரோட்டுல கொட்டிட்டு வராத. அரிசி ருசி பழகின விலங்கு என்ன பண்ணும்னு கம்பத்துக்காரங்களைக் கேளு. ரேஷன் கடையை உடைச்சு அரிசி தின்ன அரிக்கொம்பன் யானை 2023 மே 27-ல கம்பத்துல எங்க தெருப் பக்கம் வந்தப்ப, ஊரே கதவைச் சாத்திக்கிட்டு 144-ல கிடந்துச்சு. யானை மேல எனக்குக் கோபமில்ல. அதை எங்கருந்து எங்க கொண்டு போயும் அது சோத்தைத் தேடித்தான் வந்துச்சு. கொண்டு போன சோத்தையும் கவரையும் கீழ கொண்டு வந்துடு.

பை, பார்சல், பந்தி

2019 ஜனவரி 1-லருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பர்ல மஞ்சப்பை இயக்கம். பை இப்ப எல்லார் வீட்டுலயும் இருக்கு, பீரோவுக்குள்ள. வண்டி சீட்டுக்கடியில ஒண்ணு வை, முடிஞ்சது. என்னைக் கேட்டா பையை விட மோசம் சூடான பார்சல். கொதிக்கிற டீயைக் கவர்ல கட்டித் தர்றாங்க, சாம்பாரும் கவர்ல. ஒரு தூக்குவாளி கொண்டு போ. கறிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. தூக்குவாளியைப் பாத்தா டீக்கடைக்காரரே அரைக்கால் கரண்டி சேத்து ஊத்துவாரு.

பந்தியைப் பத்திச் சொன்னா எனக்கு ஆத்தாமையா இருக்கு. வாழை விளையுற சின்னமனூர்ல, கல்யாண மண்டபத்துல பிளாஸ்டிக் பூசின பச்சைப் பேப்பர் இலை! வீட்டு விசேஷம்னா தோட்டத்துல சொல்லி இலை வாங்குங்க, மிச்சம் மாட்டுக்குப் போகும். கையகலத் தண்ணி பாட்டிலுக்குப் பதிலா டம்ளரும் குடமும். கழுவ ஆள் வேணும்னு சொல்வாங்க. அந்தக் கூலி பாட்டில் விலையை விடக் கம்மியா இருக்கும், விசாரிச்சுப் பாரு.

அடுப்படிக் குப்பைக்கு ஓட்டை போட்ட ஒரு மண்தொட்டி போதும். காய்த்தோல் ஒரு பங்குன்னா காய்ஞ்ச சருகோ தென்னை நார்க்கழிவோ ரெண்டு பங்கு, ஒரு கரண்டி புளிச்ச மோர். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தி, சருகு போடு. புழு வந்தா பயப்படாத. வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறினா ரெண்டு மாசத்துல கருப்பா, மண்வாசனையோட உரம் வரும்.

அந்தக் கிளறுற வேலையை உன் வீட்டுக்காரருக்குக் குடு. இந்த மாதிரி டிப்ஸ் எல்லாம் எங்க வந்தாலும் கடைசியில பொம்பளை தலையிலதான் ஏறுது, பிரிக்கிறதும் கழுவுறதும் நாமதான். மாடிக் குழாய், மீட்டர், தோப்பு மட்டை இந்த மூணும் அவர் கணக்கு. ஆத்தோரம் குப்பையைக் கொட்டி எரிக்கிறதெல்லாம் உன்னால தனியா ஆகாது. உங்க தோப்பு இருக்குறது ஊராட்சியில, உன் மாமனாருக்கு ஓட்டும் அங்கதான். வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணி தினம், அன்னைக்குக் கேட்டாத் தட்ட முடியாது. வாயால சொல்லிட்டு வராம எழுதிக் குடுத்து, தீர்மான நோட்டுல ஏறுச்சான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லு. எழுத வரலேன்னா எனக்கு ஒரு போன் பண்ணு, நான் எழுதி அனுப்புறேன்.